கதவு மூடியிருக்கிறது

லிஃப்ட் ரிப்பேர்க்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வீடு மூன்றாவது மாடி. ஊரில் உள்ளவர்களையெல்லாம் பதினெட்டு மாடி, இருபது மாடி என்று நோகாமல் ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில், நான் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஃபேன், மிக்சி, இஸ்திரிப்பெட்டி. ஏறுவதற்கு முன்னால் என் கடை ஸ்டூலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார். "இங்கேயே ஒரு லிஃப்ட் போட்டுக்கக் கூடாதா?" என்று நான் கேட்பதும், "போட்டா ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுறது?" என்று அவர் சொல்வதும் பதினோரு வருஷமாக நடந்த பேச்சு. இப்போது அவர் என் கடையில் உட்காருவதில்லை.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் அவர் கைக்கு வந்ததிலிருந்து சொல்ல வேண்டும். ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸைக் காலி செய்துகொண்டு போனபோது லிஃப்ட் வாசலில் குவித்துவிட்டுப் போன குப்பையில் கிடந்திருக்கிறது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டை. மேலே கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், ஓரத்தில் வயர் சொருகத் துளைகள், ஒரு பக்கம் இரண்டு வரிசையாக ஊசிக் கம்பிகள்.

"இது முழு கம்ப்யூட்டர்ங்க" என்றார்.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "மீதி எங்க?"

"மீதியே கிடையாது. டிவியில மாட்டினா எழுத்து வரும். இந்த ஊசில வயரை மாட்டினா லைட்டை எரிய வைக்கலாம், மோட்டாரை ஓட்டலாம், எது திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். நாம என்ன எழுதிக் குடுக்கறோமோ அதைச் செய்யும். எதிர்த்துப் பேசாது."

"அப்ப உங்க வீட்ல உங்களோட சேத்து அந்த மாதிரி ரெண்டு பேராச்சு" என்றேன். சிரித்தார்.

வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு மாதம் அது அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. வீட்டில் கிடந்த பழைய செல்போன் சார்ஜரைப் போட்டார். அரை வயிற்றோடு வேலைக்கு வந்தவன் மாதிரி நடு வேலையில் சுருண்டு விழுந்தது. நல்ல சார்ஜர் வாங்கினார். பிறகு கார்டு. அதன் மூளையெல்லாம் நகத்தளவு மெமரி கார்டுக்குள் இருந்தது. கரண்ட் பட்டென்று போய்ப் பட்டென்று வந்தால் கார்டு கெட்டுவிடும், எழுதி வைத்த அத்தனையும் போய்விடும். மூன்று கார்டு அப்படிப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் என் ஸ்டூலில் வந்து, "கார்டு கெட்டுப்போச்சுங்க" என்று இழவு சொல்வது போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். நாலாவது கார்டில் பிடித்துவிட்டார். ஜன்னல் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற வைத்தார். அது நிறுத்த மறந்து ஊற்றித் தள்ளி, தண்ணீர் இரண்டு மாடி இறங்கி, என் கடைக் கூரையில் சொட்டியது. நான் மேலே போய்க் கத்தியபோது அவர் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைப்பத்தை நீட்டினாள். அப்போது அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

அவர் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்குக் கிடையாது, அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே மயங்கியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் பாக்கிங்கில் நின்றவள். நின்றபடியே வேலை பார்த்து நரம்பு முடிச்சு விழுந்த கால்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு குளித்ததை மறந்து மறுபடி குளித்தாள். ஒரு நாள் என் கடை வாசலில் நின்று, "அண்ணே, என் வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, "எட்டாவது" என்றேன். தலையாட்டிவிட்டு ஏறப் போனாள். இந்தக் கட்டடத்துக்கு நாலு மாடிதான். அந்த எட்டாவது இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

அதற்கப்புறம் அவள் புறப்பட ஆரம்பித்தாள். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்பாள். எந்த நேரமானாலும் சரி, செருப்பைக்கூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். ஃபேக்டரியை மூடி ஆறு வருஷமாகிறது. மூன்று தடவை பாதி வழியில் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

"வெளியில பூட்டிடுங்களேன்" என்று நான்தான் சொன்னேன்.

"ஒரு நாள் பூட்டினேன். நெத்தியால கதவை முட்டிக்கிட்டே இருந்தா. ரத்தம் வந்துடுச்சு." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டு, "பூட்டி வைக்க அவ என்ன சாமானாங்க?" என்றார்.

அப்படித்தான் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு உருப்படியான வேலை வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்துச் செய்தார். கதவில் ஒரு காந்தம், வாசல் நிலையில் ஒரு சுவிட்ச். கதவு மூடியிருந்தால் சுவிட்சின் இரண்டு முனையும் சேர்ந்திருக்கும், திறந்தால் பிரிந்துவிடும். பிரிந்ததும் சமையலறையில் தீப்பெட்டி அளவு பஸ்ஸர் ஒன்று கத்தும். சின்னதுதான், ஆனால் கத்தினால் பல் கூசும். துளை போட்ட டிபன் டப்பாவுக்குள் கம்ப்யூட்டரை வைத்து, அலமாரித் தட்டில் உட்கார்த்தி, மேலே இரண்டு விளக்கு வைத்தார். கதவு மூடியிருந்தால் பச்சை, திறந்தால் சிவப்பு. வீட்டு ஆட்கள் போகும்போது அலமாரியில் இருக்கும் பொத்தானையும், வரும்போது வெளியே இருக்கும் காலிங் பெல்லையும் அமுக்கினால் ஒரு நிமிஷம் பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டிருக்கும். அமுக்கத் தெரியாதவள் ஒருத்திதான். இதெல்லாம் போக, கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று ஒவ்வொரு தடவையும் கார்டில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும்.

இரண்டு வாரத்தில் நாலு தடவை அது அவளைக் காப்பாற்றியது. அவளுக்கோ அதன் மேல் ஒரு பாசம். "தூங்காம முழிச்சுக்கிட்டே இருக்கே" என்று கைக்குட்டையை எடுத்துப் போர்த்திவிடுவாள். மூச்சு முட்டி அது சூடாகிவிடும். மகள் எடுத்துப்போட, இவள் மறுபடி போர்த்துவாள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பாதி நாள் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நாள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் வேலைக்கு இரண்டு வருஷமாக எழுதிப் போட்டு, பரீட்சை எழுதி, அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளையும் பேசி வைத்திருந்தார்கள். "போய்ட்டு வா தாயி, இங்கயே கிடந்தா உனக்கும் மறந்துபோயிடும் எல்லாம்" என்று நான் சொன்னேன். "மாமா, உங்க கூரையில தண்ணி சொட்ட இனிமே யாரு இருப்பா?" என்றாள்.

இப்போது ஒரு தொழில் விஷயம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. லிஃப்ட் கதவிலும் இதே மாதிரி சுவிட்சுதான். கதவு மூடினால் முனைகள் சேரும், சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். ரிப்பேர் பார்க்கிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நகர்த்த வேண்டியிருக்கும். அப்போது இரண்டு முனையையும் ஒரு வயரால் சேர்த்துவிடுவார்கள். ஜம்பர் என்பார்கள். கதவு ஆவென்று திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிட வேண்டும். மறந்தால் ஆள் சாவான். அதனாலேயே அவர் ஜம்பர் வயர்கள் நாலும் முழ நீளம், ரத்தச் சிவப்பு, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய தகடு. மோட்டார் அறையைப் பூட்டுவதற்கு முன்னால் வாய்விட்டு எண்ணுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வயரை விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. "கண்ணாடியை மறப்பேன், சாப்பாட்டு டப்பாவை மறப்பேன், வயரை மறக்க மாட்டேன்" என்பார்.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாத மழை. மரக்கதவு ஊறி உப்பிப் போய்ச் சரியாகப் பதியவில்லை. காற்றடிக்கும் போதெல்லாம் இம்மி அளவு விலகி, பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானத்துக்குள் பன்னிரண்டு தடவை. அவள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வரமாட்டேன் என்று அழுகை. அவர் கீழே என் கடைக்கு வந்தார்.

"ஒரு சாண் வயர் இருந்தா குடுங்க. கதவைக் கழட்டி இழைக்கணும். அதுவரைக்கும் இது கத்தக் கூடாது. அவ படற பாட்டைப் பாக்க முடியல."

பழைய இஸ்திரிப்பெட்டியில் அறுத்த வெள்ளை வயர் ஒரு துண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மற்ற யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். பிடுங்கியிருந்தால் பச்சை விளக்கு அணைந்திருக்கும், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பிளக்கைப் பிடுங்குவது என்றால் கார்டு கெட்டுப்போகிற சமாசாரம். அதோடு கை தன் தொழிலைத்தான் செய்யும். சுவிட்சின் இரண்டு முனையையும் அந்த வெள்ளை வயரால் சேர்த்தார். வெள்ளை பெயிண்ட் அடித்த நிலையில் வெள்ளை வயர். இழைப்புளியை எடுக்கப் போகும்போது போன் வந்தது. எங்கோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் புருஷனும். அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு, நாலு சிவப்பு வயரையும் எண்ணி எடுத்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பினார். அவள் கட்டிலுக்கு மேலே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸர் கத்தவில்லை. காற்று குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று மகள் சொன்னாள். சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. போகிறவர்கள் பொத்தானை அமுக்கினார்கள், வருகிறவர்கள் பெல்லை அமுக்கினார்கள். கத்தாமல் இருப்பதுதான் முறை என்பதால் கத்தாதது யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு மகள் குளியலறையில் அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு விரிப்பு, சில நாள் மூன்று. அந்த நாற்றத்தோடு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும், அதற்குத்தான் காதில் பாட்டு. உள்ளே போகுமுன் அலமாரியைப் பார்த்தாள். பச்சை எரிந்தது. பிழிந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அப்போதும் பச்சைதான் எரிந்துகொண்டிருந்திருக்கும். அவள் அலமாரிப் பக்கம் திரும்பவேயில்லை, கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியில் ஓடினாள்.

நான் கடையில்தான் இருந்தேன். ஒரு டேபிள் ஃபேனைக் கவிழ்த்துப் போட்டுத் திருகைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியிருந்தால் அவள் அம்மா இறங்கிப் போவதைப் பார்த்திருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரொட்டி ஃபேக்டரியின் மூடிய கேட்டுக்கு முன்னால் அவளைக் கண்டுபிடித்தோம். கொட்டுகிற மழையில், சேற்றில், கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். நான் தூக்கியபோது, "கேட்டைத் திறக்க மாட்டேங்கறாங்க அண்ணே, சம்பளம் பிடிப்பாங்க" என்றாள். அதுதான் என்னிடம் கடைசியாகப் பேசியது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஐந்தாம் நாள் திங்கட்கிழமை விடியும்போது ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தது அவருடைய அக்கா. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்தவள். அவளுக்குப் பொத்தானை அமுக்க வராது. ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் பஸ்ஸர் வீறிடும், அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏம்மா, செத்த பொணமே எழுந்து உக்காரும் போல இந்தச் சத்தம். இது உனக்குக் கேக்கலையா?"

"பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன் அத்தை" என்றாள் மகள். ஒளிக்கத் தெரியாத பெண்.

"பெத்தவ வெளிய போறா, இது காதை அடைச்சுக்கிட்டுப் பாட்டுக் கேக்குது."

"அக்கா, சும்மா இரு" என்றார் அவர்.

"நான் சும்மாதான் இருக்கேன். போனவ என் தம்பி பொண்டாட்டிதானே, எனக்கென்ன."

நான் அங்கேதான் நின்றேன். அந்தப் பெண் அழவில்லை. போய் அலமாரி முன்னால் நின்று அந்த டப்பாவையே பார்த்தாள். பிறகு திரும்பி, "அப்பா, இது எழுதி வைக்கும்ல? அன்னிக்குப் பாத்தீங்களா? எத்தனை நேரம் அடிச்சிருக்குது?" என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கார்டு கெட்டுப்போச்சும்மா. வேற மாத்திட்டேன்."

முன்பு மூன்று தடவை நிஜமாகவே கெட்டுப்போயிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. நானும் நம்பினேன்.

ஆறு நாள் கழித்து, மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். வெள்ளை வயர். ஒரு சாண்.

"உங்களுதுதான்" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது.

"அவளை எடுத்துட்டுப் போய்ட்டு வந்தோம்ல, வந்ததும் கார்டைப் போட்டுப் பாத்தேன். அவ எப்போ போனான்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட எழுத்து நின்னுபோச்சு. அப்புறம் ஒரு வரி கிடையாது. நானே எத்தனை தடவை போய் வந்திருக்கேன், ஒண்ணுகூட இல்ல. கடைசி வரி, கதவு மூடியிருக்கு. அவ்வளவுதான். பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. எழுந்து போய் நிலையைத் தடவினேன். கையில மாட்டுச்சு. அப்பவே பிடுங்கிட்டேன்."

"மறந்துட்டீங்க."

"இருபத்தாறு வருஷம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எண்ணி எண்ணி எடுத்தேன். என் பொண்டாட்டிக்கு எண்ணலை." அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மாடி ஏறும்போது பிடித்துக்கொள்வது போலவே பிடித்துக்கொண்டு அழுதார். "புள்ளகிட்ட சொல்லிடணும். தினமும் வாயைத் திறக்கறேன், வரமாட்டேங்குது."

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. "சொல்லாதீங்க" என்றேன். போனவள் திரும்பி வரப் போவதில்லை, இருப்பது ஒரே மகள், அவள் உங்களை வெறுத்துவிட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள் என்றேன். சின்ன வயசு, புது ஊர், புது வேலை, நாலு மாதத்தில் தேறிவிடுவாள் என்றேன். பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். உண்மையில் அந்த வயர் என் கடையிலிருந்து போனது என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அவர் வயரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார்.

அவள் தேறவில்லை. சாப்பாடு குறைந்தது. காய்ந்து கிடந்த விரிப்புகளைக் கொண்டுபோய் மறுபடி துவைத்தாள். அக்காக்காரி ஊருக்குப் போகும்போது, "இனிமேலாவது வீட்டுல இருக்கறவங்களைக் கவனி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் மகள் என் கடைக்கு வந்தாள்.

"மாமா, அந்த வேலைக்குப் போகலைன்னு எழுதிட்டேன். நாளைக்கு அனுப்பிடுவேன்."

"ஏம்மா? ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தியே."

"ரத்தக் குழாயை மாத்தி வெச்சா ஒரு ஆள் செத்துடுவாங்க மாமா அங்க. ஒரு சத்தம் கேட்டுக்கூட எழுந்து போகாதவளை நம்பி எப்படி?" சாதாரணமாகத்தான் சொன்னாள். "அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடணும். மேல வர்றீங்களா? அப்பாவும் இருக்காங்க."

போனேன். அவர் சமையலறையில் பருப்பு கழுவிக்கொண்டிருந்தார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்கும் தெரியவில்லை. மழை விட்டுக் காய்ந்த கதவு பழையபடி பதிந்திருந்தது, அலமாரியில் பச்சை எரிந்தது. டப்பா மேல் அந்தக் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது.

"நான் குளியலறைக்குள்ள போறேன். அன்னிக்கு மாதிரியே குழாயைத் திறந்துவிட்டு, அதே பாட்டை அதே சத்தத்துல வெச்சுக்கறேன். கதவைச் சாத்திக்குவேன். மாமா, நீங்க வாசக் கதவைத் திறங்க. எப்போ திறப்பீங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம். கேக்கலைன்னா எனக்கு நிஜமாவே கேக்கலைன்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் நான் தூங்கிடுவேன்னு நினைக்கறேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியணும்ப்பா."

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கேட்கக் கூடாது, கேட்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே நான் கதவைத் திறந்தேன். பஸ்ஸர் வீறிட்டது. நான் பத்து எண்ணுவதற்குள் குளியலறைக் கதவு திறந்துகொண்டது. ஈரக் கையோடு, காதில் மாட்டியதோடு, அவள் நின்றாள்.

"இன்னொரு தடவை" என்றாள். "சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கறேன்."

மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் வெளியே வந்தாள். மூன்றாவது தடவை காதிலிருந்து கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நல்லாக் கேக்குது மாமா. பாட்டுக்கு மேல கேக்குது." சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்போ அன்னிக்கும் கேட்டிருக்கும். கேட்டும் நான் எழுந்து போகல. எதுக்குப் போகணும்னு இருந்திருப்பேன். தினமும் இதே வேலைதானேன்னு இருந்திருப்பேன். அம்மா போனாப் போகட்டும்னுகூட…"

"அய்யோ, நிறுத்தும்மா" என்றார் அவர்.

பருப்புச் சட்டியை மேடையில் வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள் விரலை விட்டு அந்த வயரை எடுத்தார். அவள் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தார்.

"அது அடிக்கவே இல்லம்மா. ஞாயித்துக்கிழமை அதைக் கதவுல மாட்டினேன், கத்தாம இருக்கறதுக்காக. எடுக்க மறந்துட்டேன். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்குன்னுதான் அது நினைச்சுக்கிட்டிருந்துச்சு. உனக்குக் கேக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நீ ஒண்ணுமே பண்ணல."

அவள் வயரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். குழாயை யாரும் மூடவில்லை. வாளி நிறைந்து வழிவது கேட்டது. அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தேன்.

"மறக்கறதுதாம்ப்பா" என்றாள் மெதுவாக. "நீங்க அந்தக் கர்ப்பிணிப் பொண்ணுக்காக ஓடுனீங்க. எனக்குத் தெரியும். யாரா இருந்தாலும் மறப்பாங்க." அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். "எப்போ தெரிஞ்சுது?"

அவர் பருப்புச் சட்டியைப் பார்த்தார்.

"கார்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"இன்னியோட எத்தனை நாள்?"

"பதினாறு."

"அத்தை பேசினப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க." விரலில் வயரைச் சுற்றினாள், பிரித்தாள். "ராத்திரி நான் எழுந்து உக்காந்திருந்தப்போ வந்து தண்ணி குடுத்தீங்க. அப்போ இது உங்க பையில இருந்துச்சா?"

அவர் தலையாட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். வயரின் நுனியில் இஸ்திரிப்பெட்டியின் கருகல் இருந்தது. என் கடையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருந்தவளுக்கு அது அடையாளம் தெரிந்தது.

"மாமாவுக்கு?"

"பத்து நாளா தெரியும்மா" என்றேன்.

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயை மூடினாள். அறைக்குள் போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள், அதிக நேரம் ஆகவில்லை. வேலைக்கு வரவில்லை என்று எழுதிய கடிதத்தைக் கிழித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். போகிற வழியில் அலமாரிக்கு முன்னால் நின்று, டப்பா மேலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெள்ளை வயரைக் கைக்குட்டை இருந்த இடத்தில் வைத்தாள்.

"சாப்பிட்டுப் போம்மா" என்றார் அவர். பருப்பு இன்னும் வேகவேயில்லை.

அவள் பொத்தானை அமுக்கவில்லை. கதவைத் திறந்தாள், திறந்தபடியே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. அதன் கத்தலுக்கு ஊடே அவள் செருப்புச் சத்தம் இரண்டாவது மாடி, முதல் மாடி என்று இறங்கிக்கொண்டே போனது. நானும் அவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். போய் நிறுத்த இரண்டு பேருக்கும் கை வரவில்லை.